பாலத்துக்கு அந்தப் பக்கம்
‘திரைக்குப் பின்னால் ஓடுபவை’ தொடர் – 11

காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதி மாவடிப்பள்ளியில் வயல்வெளிக்கு நடுவே ஒரு பாலத்தைக் கடந்து செல்கிறது. மாரி பலத்தால் வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும். கரையோர ஊர்களும் உட்பகுதி ஊர்களும் இரண்டாகப் பிரிந்துவிடும். 2024 நவம்பர் 26ஆம் திகதி, மதரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அங்கே வெள்ளத்தில் அள்ளுண்டு உயிர்கள் பறிபோனதை இந்தப் பிரதேசம் மறக்காது. ஆகவே ‘தொடர்பு அறுந்தது’ என்று இங்கே எழுதினால் அது வெறும் சொல்லாக இருக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம், சம்மாந்துறையில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. இந்தப் பக்கம் சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை, நிந்தவூர் என்று நெருக்கமான ஊர்கள். மூன்று மாணவர்கள் சேர்ந்து ஒரு மென்பொருளை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: ஒருத்தி சாய்ந்தமருதில், ஒருவர் சம்மாந்துறையில், இன்னொருவர் நிந்தவூரில். வீதி மூடிய நாளில், மின்சாரமும் அலைபேசிக் கோபுரமும் வந்தும் போயும் நிற்கிற நாளில், மூவரின் மடிக்கணினிகளிலும் இருக்கும் மூன்று பிரதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி நிற்கும்? அதைப் பார்த்துக்கொள்வதற்கென்றே கணினிக்குள் ஒரு சேவை ஓடுகிறது. திரையில் சாளரம் எதுவும் திறக்காமல், மணிக்கு ஒருதடவை எழுந்து, தொலைவிலிருக்கும் பிரதியை விசாரித்து, இல்லாததைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உறங்கப் போகும் சேவை. அது எதுவரை போகலாம், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதே இந்த வார விசாரணை.

கிட் என்ற கருவியைப் பற்றி முன்னரே அறியாதவர்களுக்காகச் சில வரிகள். லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். லினக்ஸின் மூலநிரலை நிர்வகிக்க அதுவரை பயன்பட்ட பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி நின்றுபோனது உடனடிக் காரணம். அதற்கு முன் பெருவழக்காக இருந்த சிவிஎஸ் போன்ற கருவிகளில் வரலாறு முழுவதும் ஒரே சேவையகத்தில் இருக்கும். எழுதுகிறவரின் கையில் இருப்பது அன்றைய நிலையின் ஒரு நகல் மட்டும். கிட்டில் ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்கும். மாணவர்கள் ‘ரிப்போ’ என்று அழைக்கும் களஞ்சியம் அதுதான். தொலைவில் கிட்ஹப் போன்ற ஓரிடத்தில் இருக்கும் இன்னொரு பிரதிக்கு ‘ரிமோட்’ என்று பெயர். எழுதியதைப் பெயரும் நேரமும் காரணமும் இட்டுப் பதிவதற்குக் கொமிட். கொமிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீளும் பாதைக்குக் கிளை. அதை ரிமோட்டுக்கு அனுப்புவதற்குப் புஷ். அங்கே புதிதாக வந்திருப்பதை எடுத்துவந்து பக்கத்தில் வைப்பதற்கு ஃபெட்ச். எடுத்துவந்ததைத் தன் வேலையோடு கலப்பதற்கு மேர்ஜ். எடுப்பதையும் கலப்பதையும் ஒரே மூச்சில் செய்வதற்குப் புல். எடுத்துவருவதும் கலப்பதும் இரண்டு தனிச் செயல்களாகவே கிட்டில் வைக்கப்பட்டிருப்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் வாதம் முழுவதும் அந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு கொமிட்டுக்கும் கிட் ஒரு கைரேகை போடுகிறது. பதினாறடிமான எழுத்துகளில் 40 நீளமான ஒரு தொடர். கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு, இவற்றோடு முந்திய கொமிட்டின் கைரேகை, இத்தனையும் சேர்ந்த கணக்கிலிருந்து அது பிறக்கிறது. பத்து வருடத்துக்கு முந்திய ஒரு கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் அதற்குப் பின்வந்த கைரேகைகள் அத்தனையும் மாறிவிடும். இந்தக் கரையில் மதரசாவில் ஓதியவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. நபிமொழியான ஹதீஸ் ஒன்றுக்கு மத்ன் என்ற வாசகம் ஒரு பகுதி. யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற ஸனத் மறுபகுதி. சங்கிலி இல்லாத வாசகத்துக்கு அந்தக் கலையில் மதிப்பில்லை. வேறுபாடும் உண்டு: ஸனத்தில் மனிதரின் நாணயம் ஆராயப்படுகிறது, கிட்டின் கைரேகை, வாசகம் வழியில் மாறவில்லை என்பதை மட்டும் சொல்லும், அது சரியா பிழையா என்று சொல்லாது. ஹதீஸ் கலையினர் இன்னொன்றையும் நுணுக்கமாக வகுத்தார்கள். ஆசிரியரின் வாயிலிருந்து நேரே கேட்பது ஸமாஉ. அது உயர்ந்த படி. ஆசிரியரிடம் கேளாமல், அவர் எழுதிய ஏடு கைக்குக் கிடைத்து அதிலிருந்து எடுப்பது விஜாதா. அது கடைசிப் படி. ஏடு அசலாகவே இருக்கலாம், எழுத்துக்கு எழுத்துச் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் ‘கிடைத்தது’ என்பதை ‘கேட்டேன்’ என்று சொல்ல அவர்கள் விடவில்லை. பின்னணிச் சேவை கொண்டுவந்து வைப்பது அத்தனையும் விஜாதா வகையைச் சேர்ந்தது. கணினிக்குள் வந்துவிட்டது, வேலை செய்கிறவர் இன்னும் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கணக்கு வைக்கும் சேவை, எவ்வளவு உதவினாலும், ஆபத்தானது என்பது என் வாதம். அது கொண்டுவரலாம். மனிதர் சார்பில் பார்த்ததாகக் கையொப்பமிடவும், ஏற்கவும், அழிக்கவும் அதற்கு உரிமை கொடுக்கக் கூடாது.

கொண்டுவருவது எவ்வளவு முக்கியமான வேலை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இணைப்பு பலவீனமான இடங்களுக்கு இந்தச் சேவை வேண்டியதில்லை, தேவைப்படும்போது கையாலேயே எடுத்துக்கொள்ளலாம், தரவுச் செலவும் மிச்சம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேரெதிர். ஃபெட்ச் தொடங்கும்போது இரு பக்கமும் தம்மிடம் எவை இருக்கின்றன என்று கைரேகைகளைச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்கின்றன. இல்லாதவை மட்டும், சுருக்கிக் கட்டப்பட்ட ஒரு பொதியாக வருகின்றன. மணிக்கு ஒருதடவை எடுத்தால் பொதி சிறியது. புதிதாக ஒன்றுமில்லாத மணிநேரத்தில் அந்த ஒப்பீட்டோடு முடிந்துவிடும். இரண்டு கிழமை விட்டு எடுத்தால் பொதி பெரியது. கிட்டில் ஒரு பெரிய குறை, பொதி பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியொரு நாளில் வரும் ஒன்றிரண்டு மணிநேர மின்சாரத்துக்குள் பெரிய பொதியொன்றை இழுத்து முடிப்பது யாருக்கும் கடினம். சிறு பொதிகளாக அன்றாடம் வாங்கி வைத்திருந்தவருக்கோ அன்று எடுக்க வேண்டியதே கொஞ்சம். இணைப்பு எங்கே நிலையற்றதோ அங்கேதான் இந்தச் சேவை கூடுதலாகத் தேவை. மனித நினைவை நம்பி விட முடியாத வேலை இது.

இந்தச் சேவையைக் கிட்டுக்குள்ளேயே அமைத்தவர்கள் அதற்கு வைத்த எல்லை ஆழமாக யோசித்து வைத்த எல்லை. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2017இல் விண்டோஸின் மூலநிரலைக் கிட்டுக்குக் கொண்டுவந்தபோது அது ஏறத்தாழ 35 இலட்சம் கோப்புகளும் 300 ஜிகாபைட் பருமனும் கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய களஞ்சியத்தில் காலையில் வந்து ‘எடு’ என்று கட்டளையிட்டுவிட்டுக் காத்திருக்க இயலாது; எனவே பின்னணியில் முன்கூட்டியே எடுத்துவைக்கும் முறை அவசியமாயிற்று. அந்த அனுபவத்தில் ஊறிய பொறியியலாளர்களின் உழைப்பால் 2020இல் ‘கிட் மெயின்டெனன்ஸ்’ என்ற கட்டளை எல்லோருக்குமான கிட்டுக்குள் வந்தது. இயக்கிவிட்டால் கணினியின் நேர அட்டவணையில் பதிந்துகொண்டு மணிக்கொருமுறை ‘பிரீஃபெட்ச்’ செய்யும். பொதியை எடுத்துவரும் அந்த வேலை, வந்தவற்றை வழக்கமான ஃபெட்ச் வைக்கும் இடத்தில் வைப்பதில்லை. ‘ரிமோட்டில் இந்தக் கிளை இன்ன நிலையில் இருக்கிறது’ என்று கிட் குறித்துவைக்கும் அடையாளங்களை அது தொடுவதே இல்லை. பிரீஃபெட்ச் என்றே பெயரிட்ட ஒரு தனி அறையில் வைத்துவிட்டுப் போய்விடும். பிறகு மனிதர் தன் கையால் ஃபெட்ச் சொல்லும்போது, பாரமெல்லாம் ஏற்கெனவே வந்திருப்பதால், வேலை நொடியில் முடிகிறது. அடையாளமும் அப்போதுதான் நகர்கிறது. வீட்டு வாசலில் சாமான் இறக்குகிறவர் மூட்டைகளை விறாந்தையில் அடுக்கிவிட்டு, வரவுக் கொப்பியை வீட்டுக்காரர் எழுதட்டும் என்று விட்டுவிடுவது போன்ற ஒழுங்கு இது.

வரவுக் கொப்பியைச் சேவையே எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். என் வாதத்தின் நடுமையம் இங்கே இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சில வேளைகளில் ரிமோட்டில் இருக்கும் வரலாற்றை மாற்றி எழுதியே தீர வேண்டிவரும். கடவுச்சொல் தவறிப் பதிந்திருக்கலாம், ஒரு கிளையை ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கலாம். அதற்குக் கிட்டில் ஒரு வன்மையான கட்டளை உண்டு: ‘ஃபோர்ஸ்’ போட்டுப் புஷ் செய்வது. அங்கே என்ன இருந்தாலும் அதை அகற்றிவிட்டு என்னுடையதை வை என்பது அதன் பொருள். நமது சாய்ந்தமருது மாணவி அப்படிச் செய்கிற அந்த நேரத்துக்குச் சற்று முன் சம்மாந்துறை மாணவர் தன் வேலையை அனுப்பியிருந்தால், அது கிளையிலிருந்து விழுந்துவிடும். இதைத் தடுக்க 2013 நவம்பரில் வெளியான கிட் 1.8.5இல் ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ என்ற மென்மையான வடிவம் சேர்ந்தது. நான் கடைசியாகப் பார்த்தபோது ரிமோட் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் இப்போதும் இருந்தால் மட்டும் மாற்று, வேறொருவர் வந்து போயிருந்தால் மறுத்துவிடு என்பது அதன் நிபந்தனை. நல்ல காவல். ஆனால் ‘நான் கடைசியாகப் பார்த்தது’ என்பதைக் கிட் எப்படி அறியும்? மேலே சொன்ன அடையாளத்தை வைத்துத்தான். பின்னணியில் மூன்று நிமிடத்துக்கொருமுறை சாதாரண ஃபெட்ச் செய்யும் சேவையொன்று அந்த மாணவியின் கணினியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்மாந்துறைக்காரரின் புதிய கொமிட்டை அது எடுத்துவந்து அடையாளத்தையும் நகர்த்திவிடுகிறது. அவள் அதைக் கண்ணால் காணவில்லை. ஆனால் கிட்டின் கணக்கில் அவள் பார்த்துவிட்டாள். இப்போது அவள் காவலோடுதான் புஷ் செய்கிறாள். காவல்காரர் கொப்பியைப் புரட்டி, ‘ஆம், கடைசியாகப் பார்த்த நிலையும் இப்போதைய நிலையும் ஒன்றுதான்’ என்று கதவைத் திறந்துவிடுகிறார். நண்பரின் வேலை கிளையிலிருந்து விழுகிறது. யாரும் தவறு செய்யவில்லை. சேவையும் தன் கடமையைத்தான் செய்தது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதுதான் தவறு. கிட்டின் கையேடு இந்த ஆபத்தைத் தெளிவாகவே எச்சரிக்கிறது. 2020 டிசம்பரில் வெளியான 2.30 பதிப்பில், எடுத்துவந்தது உண்மையில் உங்கள் வேலைக்குள் சேர்ந்திருக்கிறதா என்று கூடுதலாகச் சோதிக்கும் இன்னொரு காவலும் சேர்க்கப்பட்டது. மைக்ரோசொஃப்ட்டின் விஎஸ் கோட் தொகுப்பானில் தானியங்கி ஃபெட்ச் இருக்கிறது, இயக்கினால் 180 விநாடிக்கொருமுறை ஓடும். ஆனால் நாமாக இயக்கும்வரை அது அணைந்தே இருக்கும். அது சரியான முடிவு.

கொண்டுவரும் திசையில் இவ்வளவு சிக்கல் என்றால், அனுப்பும் திசையில் சேவைக்குச் சுதந்திரம் கொடுப்பது இன்னும் பெரிய விடயம். அந்த 2013 நவம்பரிலேயே ஜென்கின்ஸ் என்ற பிரபல திறந்தமூலத் திட்டத்தில் அது நடந்தது. கெரிட் என்ற சேவையகத்தில் களஞ்சியங்களைத் தானாக ரிமோட்டுக்குப் பிரதிசெய்யும் ஒரு துணைச்செயலி உண்டு. திட்டத்தில் எழுதும் உரிமை கொண்ட ஒருவர் தன் சோதனைச் சேவையகத்தில் அதை அமைத்திருந்தார். அங்கே இருந்தவை ஏறத்தாழ இரண்டு மாதம் பழைய பிரதிகள். சேவை தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தது: தன்னிடம் உள்ளதே சரி என்று கொண்டு, கிட்ஹப்பில் இருந்த 186 களஞ்சியங்களின் மேல் ஃபோர்ஸ் போட்டுப் பழையதைத் திணித்தது. பலரின் இரண்டு மாத வேலை கிளைகளிலிருந்து விழுந்தது. மீட்க முடிந்தது; கிட்ஹப்பின் உதவிப் பிரிவு கைகொடுத்தது, எழுதியவர்களின் கணினிகளிலும் முழு வரலாறும் இருந்தது. மீட்சிக்குக் காரணமான அந்தப் பிரதிகள், சேவை தொடாத பிரதிகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒரு மனிதர் 186 களஞ்சியங்களைக் கையால் அழிக்கப் புறப்பட்டிருந்தால் மூன்றாவது களஞ்சியத்திலாவது நின்று யோசித்திருப்பார். இயந்திரத்துக்கு அந்த இடைநிறுத்தம் இல்லை.

அதே வருடம் மார்ச் 22ஆம் திகதி கேடிஈ என்ற இன்னொரு திறந்தமூலத் திட்டத்துக்கு நேர்ந்தது இதைவிட நெருக்கமான பாடம். அவர்களிடம் சுமார் 1,500 களஞ்சியங்கள். ஒரு தலைமைச் சேவையகம், அதைத் தொடர்ந்து பின்பற்றி உலகெங்கும் பிரதிகளை வைத்திருந்த பல ஆடிச் சேவையகங்கள். இத்தனை இடத்தில் இருக்கும்போது இழப்பு எப்படி வரும் என்று யாருக்கும் தோன்றும். பாதுகாப்பு மேம்படுத்தலுக்காகத் தலைமைச் சேவையகத்தை நிறுத்தித் திருப்பி எழுப்பியபோது அதன் கோப்பு முறைமை சிதைந்திருந்தது. எந்தெந்தக் களஞ்சியங்கள் உள்ளன என்று சொல்லும் பட்டியலும் சிதைந்தது. ஆடிச் சேவையகங்கள் வழக்கம்போல வந்து பட்டியலைக் கேட்டன. பட்டியலில் இல்லாதவை நீக்கப்பட்டவை என்று முடிவு செய்து தம்மிடமிருந்த நல்ல பிரதிகளையும் அழித்தன. அழிவு எட்டாமல் ஒரு சேவையகத்தில் எஞ்சியிருந்த பிரதியால்தான் அவர்கள் தப்பினார்கள். ஆடி, தன் முன்னால் நிற்பதை அப்படியே காட்டும். முன்னால் நிற்பவர் விழுந்தால் ஆடிக்குள் இருப்பவரும் விழுவார். ஒத்திசைவை அதிகரித்தால் பாதுகாப்பும் அதிகரிக்கும் என்ற எண்ணம் இங்கேதான் முறிகிறது: ஒத்திசைவு வேகமாக இருக்க இருக்க, பிழையும் அதே வேகத்தில் எல்லாப் பிரதிகளையும் எட்டிவிடும். நமது நாட்டிலேயே இதற்கு நெருங்கிய சம்பவம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச முகிலின் மேல் கப்பம் கேட்கும் தீம்பொருள் தாக்கியது. அரச மின்னஞ்சல் கணக்குகள் 5,000 வரை பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பிரதி இல்லாமல் இல்லை; இருந்த பிரதி தொடுப்பிலேயே இருந்தது, அதையும் தீம்பொருள் பூட்டிவிட்டது. அது கிட் களஞ்சியம் இல்லை, மின்னஞ்சல். ஆனால் அமைப்பு ஒன்றுதான்: எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பிரதி, கையில் இருப்பதன் கதியையே அடையும்.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பும்கூட. அழிக்கவே கூடாது என்றால் அழிக்க வேண்டியவற்றை என்ன செய்வது? யாரோ ஒருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கங்கள் அடங்கிய கோப்பொன்று தவறிக் களஞ்சியத்துக்குள் போய்விட்டது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாட்டில், ஒருவர் தன் தரவை நீக்கும்படி கேட்கும் உரிமையை லேசாக எடுக்க முடியாது. சேவை அழிப்பதைப் பின்பற்றாவிட்டால் அந்தக் கோப்பு எல்லா ஆடிகளிலும் கிடக்கும். உண்மைதான். ஆனால் இந்த உதாரணம் என் வாதத்தையே பலப்படுத்துகிறது. தானாகப் புஷ் செய்யும் சேவை இருந்தால் அந்தக் கோப்பு, தவறை உணர்வதற்கு முன்பே வெளியே போயிருக்கும். நீக்கும்போதோ, எந்தப் பிரதிகளில் இருக்கிறது, யார் யார் எடுத்துப் போனார்கள், உண்மையிலேயே போய்விட்டதா என்று ஒருவர் இடம் இடமாகச் சரிபார்க்க வேண்டும்; கிளையிலிருந்து விழுந்த கொமிட்டும் கிட்டுக்குள் உடனே மறைவதில்லை, இயல்பான அமைப்பில் கிழமைக்கணக்கில் தங்கியிருக்கும். அது பெயர் சொல்லிப் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டிய வேலை. கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை. சேவை அழிக்கக் கூடாது என்று நான் சொல்வது அழிப்பே கூடாது என்பதற்காக இல்லை. அழிப்பவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

இன்னொரு மறுப்பு அன்றாட வாழ்க்கையிலிருந்து வருவது. ஒரே ஆள், இரண்டு கணினி; வீட்டில் எழுதியதை அலுவலகத்தில் தொடர்கிறார். அவருக்காகத் தானாகக் கொமிட் செய்து, தானாகப் புஷ் செய்து, தானாக மேர்ஜும் செய்யும் கருவிகள் கிட்டின் மேலேயே கட்டப்பட்டிருக்கின்றன. ஸ்பார்க்கிள்ஷேர் அவற்றுள் ஒன்று. அவருக்கு இந்த எல்லைகளெல்லாம் தொல்லைதானே? ஓரளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். இரண்டு இடத்திலும் எழுதுபவர் ஒருவரே என்றால், வந்தது அவர் அறிந்ததுதான். எனினும் மேர்ஜ் என்ற சொல்லுக்குள் இருக்கும் தீர்ப்பை அங்கேயும் மறக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால் கிட் நின்றுவிடும், ‘மோதல்’ என்று காட்டும். வெவ்வேறு வரிகளை மாற்றியிருந்தால் நிற்காமல் கலந்துவிடும். ஒருவர் ஒரு செயற்கூறின் பெயரை மாற்ற, மற்றவர் வேறொரு கோப்பில் பழைய பெயரால் அதை அழைத்திருந்தால், வரிகள் மோதவில்லை, நிரல் உடைந்துவிட்டது. மோதல் இல்லை என்று இயந்திரம் சொல்வது, எழுத்துகள் ஒன்றையொன்று தொடவில்லை என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

இந்தத் தீர்ப்பின் பாரத்தை இந்தக் கரையைவிட நன்றாக அறிந்த இடம் நாட்டில் வேறில்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியில் மாவட்டங்களுள் இந்தக் கரை அடங்கும் அம்பாறையில்தான் அதிக உயிர்கள் போயின, 10,000க்கு மேல். அடுத்த சில நாட்களிலேயே லங்கா மென்பொருள் மன்றத்தைச் சேர்ந்தவர்களும் தொண்டர்களும் சேர்ந்து ‘சஹானா’ என்ற திறந்தமூல மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள்: காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவிப் பொருள் பதிவு. பின்னர் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. இணைப்பில்லாத இடங்களில் தனித்தனியாக ஓடும் சஹானாக்கள் பிறகு தம் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கென ஓர் ஒத்திசைவுப் பகுதியும் அதில் அமைந்தது. முகாமொன்றில் ‘முகம்மது’ என்று எழுதப்பட்ட பெயர் இன்னொரு முகாமில் ‘மொஹமட்’ என்றும், வேறோர் இடத்தில் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகவும் பதிவாகக்கூடிய ஊர்கள் இவை. ஒரே பெயர், ஒரே வயது, அடுத்தடுத்த வீதி. இரண்டு பதிவும் ஒருவரா இருவரா? ஒருவரை இருவர் என்று வைத்தால் ஒரு தாய் வீணாகக் காத்திருப்பாள். இருவரை ஒருவர் என்று கலந்தால் ஒரு பிள்ளையைத் தேடுவதையே நிறுத்திவிடுவார்கள். பதிவுகளை இங்கிருந்து அங்கே கொண்டுபோவது இயந்திரத்தின் வேலை. அவை ஒருவரைப் பற்றியவையா என்று சொல்வது அந்தக் குடும்பத்தை அறிந்த கிராம சேவகரின், பள்ளிவாசல் நிர்வாகத்தாரின், அயல்வீட்டாரின் வேலை.

இனி நமது மூவரிடம் திரும்பலாம். அவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மூன்று கணினிகளிலும் கிட் மெயின்டெனன்ஸை ஒருமுறை இயக்கிவிட வேண்டும். பிரீஃபெட்ச் தன் அறைக்குள் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும். தொகுப்பானின் தானியங்கி ஃபெட்சை அணைத்தபடியே விட வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் பெயரிட்ட கிளைக்கு மட்டும் புஷ் செய்ய, பொதுக் கிளையில் ஃபோர்ஸ் எவருக்கும் அனுமதிக்கப்படாதவாறு ரிமோட்டில் பூட்டு வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒருதடவை ‘கிட் பண்டில்’ கட்டளையால் முழுக் களஞ்சியத்தையும் ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் இட்டுக் கழற்றி, மூவரில் மேட்டு நிலத்தில் வீடுள்ளவரின் அலுமாரியில் வைக்க வேண்டும்; எந்தச் சேவையாலும் எட்ட முடியாத ஒரு பிரதி அது. வெள்ளம் வந்து இணையமும் போய், மாவடிப்பள்ளி வீதி திறந்த முதல் நாளில், அதே கட்டளையால் புதிதாகக் கட்டிய பண்டில் கோப்பு சட்டைப் பையில் பாலத்தைக் கடக்கும். கிட்டுக்கு அதுவும் ஒரு ரிமோட்தான், அதிலிருந்தும் ஃபெட்ச் செய்யலாம். அவரவர் வேலையைச் சரிபார்த்துக் கைரேகைகளை ஒப்பிட்ட பிறகு, சாய்ந்தமருது மாணவி தன் திரையில் இரண்டு நிலைகளுக்கு இடையிலான வேறுபாட்டை வரிவரியாகத் திறந்து, சம்மாந்துறையிலிருந்து வந்ததை முதல் தடவையாக வாசிக்கத் தொடங்குவாள்.